சேலம் சி. விஜயராகவாச்சாரியார்

சேலம் சி. விஜயராகவாச்சாரியார் (ஜூன் 18, 1852 – ஏப்ரல் 19, 1944) ஒரு வழக்கறிஞர், சேலம் நகராட்சி மன்ற உறுப்பினர், இந்திய விடுதலைப் போராட்டத் தலைவர். 1920-ஆம் ஆண்டு நாக்பூரில் நடைபெற்ற இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். 1882-இல் சேலத்தில் நிகழ்ந்த கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்ட இவர், மேல்முறையீட்டில் விடுதலை பெற்றார். பின்னர் அரசின் மீதே வழக்குத் தொடுத்துத் தாம் இழந்த நகராட்சி உறுப்பினர் பதவியைத் திரும்பப் பெற்றார். இதனால் "சேலத்து வீரர்" என்றும் "தென்னிந்தியாவின் சிங்கம்" என்றும் அழைக்கப்பட்டார்.

காங்கிரசுத் தலைவர் என்ற முறையிலேயே இவர் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். ஆயினும் இவருடைய பொதுவாழ்வின் போக்கைத் தீர்மானித்தது, ஒரு மாவட்டத் தலைநகரின் நகராட்சி மன்றத்தில் ஓர் இருக்கை குறித்து எழுந்த வழக்கே ஆகும்.

பிறப்பும் கல்வியும்

விஜயராகவாச்சாரியார் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள பொன்விளைந்த களத்தூர் என்ற ஊரில், ஒரு வைணவ அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சடகோபாச்சாரியார் சமயப் பணியில் ஈடுபட்டிருந்தவர். சிறுவயதில் வடமொழியும் வேதமும் பயின்ற இவர், பன்னிரண்டு வயதளவிலேயே ஆங்கிலக் கல்வியைத் தொடங்கினார். 1870-இல் பள்ளி இறுதித் தேர்வில் சென்னை மாகாணத்தில் இரண்டாம் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1875-இல் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில் விரிவுரையாளரானார். பின்பு மங்களூர் அரசுக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார். அங்கு மூன்று மாதங்களே பணியாற்றிவிட்டு விலகினார். அதன்பின் சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியராகச் சேர்ந்தார். சேலத்திற்கு இவர் வந்தது இவ்வாறு ஆசிரியராகவே, வழக்கறிஞராக அல்ல. கற்பித்துக்கொண்டே, சட்ட வகுப்பு எதிலும் சேராமல், தாமாகவே படித்துச் சட்டத் தேர்வில் வென்றார். 1881-இல் சேலத்தில் பிளீடராகத் தொழில் தொடங்கினார். அப்போது வயது 29.

அக்காலச் சேலம்

கொங்கு நாட்டின் வடகிழக்குப் பகுதியில் திருமணிமுத்தாற்றின் கரையில் அமைந்த சேலம், அன்று பெரிய நகரமன்று. நெசவும் சந்தை வணிகமும் மிகுந்த ஒரு மாவட்டத் தலைநகர். அப்போதைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளையும் உள்ளடக்கிப் பரந்திருந்தது. (தருமபுரி 1965-இலும், நாமக்கல் 1997-இலும் தனி மாவட்டங்களாயின.) இதற்குத் தென்மேற்கே ஈரோட்டையும் கரூரையும் உள்ளடக்கிய கோயம்புத்தூர் மாவட்டம் இருந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை செல்லும் இருப்புப்பாதை 1860-களின் தொடக்கத்திலேயே இவ்விரு மாவட்டங்களையும் இணைத்திருந்தது. 1876–78 ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. விஜயராகவாச்சாரியார் தொழில் தொடங்கியபோது அப்பஞ்சம் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

இத்தகைய ஊரில் ஆங்கிலம் கற்ற இந்தியருக்குத் திறந்திருந்த வழிகள் இரண்டே: அரசுப் பணி அல்லது வக்கீல் தொழில். அரசுப் பணியாளர் கலெக்டருக்குக் கீழ்ப்பட்டவர். வக்கீலோ கலெக்டரை நம்பிப் பிழைப்பவர் அல்லர். கட்சிக்காரர் தரும் கட்டணமே அவருக்கு வாழ்வு. அதிகாரிகளுக்கு முன் எழுந்து மறுத்துப் பேசுவதைத் தொழிலாகவே கொண்டவரும் அவர் ஒருவரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாவட்டத் தலைநகர்களில் பொதுவாழ்விற்கு வந்தோரில் வழக்கறிஞர் மிகுந்திருந்ததன் காரணம் இதுவே எனலாம்.

நகராட்சி மன்றம்

சென்னை மாகாணத்தின் 1865-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி 1866-இல் சேலம், கோயம்புத்தூர் ஆகிய இரு ஊர்களும் நகராட்சிகளாயின. 1871-இல் வந்த சட்டம் நகராட்சிகளின் பணிகளை விரிவாக்கியது. சாலை, தெருவிளக்கு, துப்புரவு, அம்மை குத்துதல், பள்ளிகள் ஆகியவை அவற்றின் பொறுப்பாயின. வீட்டு வரி, தொழில் வரி, சுங்கம் ஆகியவை வருவாய். ஆனால் மன்றத்தின் தலைவர் மாவட்டக் கலெக்டரே. உறுப்பினர்களை நீக்கும் அதிகாரம் ஆளுநருக்கு இருந்தது. உள்ளூரார் மன்றத்தில் அமர்ந்திருந்தாலும், கலெக்டரின் கருத்தை மறுத்துப் பேசும் வழக்கம் அரிதாகவே இருந்தது.

இந்நிலையில் அரசப் பிரதிநிதி ரிப்பன் பிரபு 1882 மே 18 அன்று உள்ளாட்சி பற்றிய தமது புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். உள்ளாட்சி மன்றங்களில் அதிகாரிகள் அல்லாதோர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், இயன்ற இடங்களில் தேர்தல் நடத்தப்பட வேண்டும், தலைவர் பதவியும் அதிகாரிகளிடமிருந்து விலக வேண்டும் என்பன அதன் சாரம். நிர்வாகத் திறனைக் காட்டிலும் மக்களுக்கு அரசியல் பயிற்சி அளிப்பதே முதன்மையான நோக்கம் என்று அத்தீர்மானம் கருதியது. மாவட்ட ஆங்கில அதிகாரிகள் பலருக்கு இது பிடிக்கவில்லை.

தொழில் தொடங்கிய ஓராண்டுக்குள், இதே 1882-இல், விஜயராகவாச்சாரியார் சேலம் நகராட்சி மன்ற உறுப்பினரானார்.

1882 சேலம் கலவரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கட்டப்பட்ட ஒரு பள்ளிவாசல் குறித்து இந்துக்களுக்கும் இசுலாமியருக்கும் இடையே சில ஆண்டுகளாகப் பூசல் இருந்துவந்தது. கோயில் ஊர்வலங்கள் செல்லும் வழியில் அப்பள்ளிவாசல் அமைந்திருந்ததும், அதன் முன்பாக மேளதாளத்துடன் ஊர்வலம் செல்லலாமா என்பதும் வழக்கின் மையம். இது சேலத்திற்கு மட்டும் உரிய சிக்கலன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் பல ஊர்களில் தெரு உரிமையும் இசை உரிமையும் நீதிமன்றம் வரை சென்றுள்ளன. அதிகாரிகள் ஒரு முறை ஒரு தரப்புக்கும் மறுமுறை மறுதரப்புக்கும் இசைவாக ஆணையிடுவதும், ஒவ்வோர் ஆணையும் முந்தைய பகையை வளர்ப்பதும் வழக்கமாயிருந்தது.

1882 ஆகஸ்டில் சேலத்தில் இப்பூசல் பெருங்கலவரமாக வெடித்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. கலவரத்தை முன்கூட்டித் தடுக்கவோ விரைவில் அடக்கவோ மாவட்ட நிர்வாகத்தால் இயலவில்லை. கலவரத்திற்குப் பின் பெருந்தொகையினர் கைது செய்யப்பட்டு, கடுந்தண்டனைகள் விதிக்கப்பட்டன. தம் வழிபாட்டிடத்தை இழந்த சேலம் இசுலாமியர்களின் துயரம், பின்னாளில் இந்நிகழ்வைப் பற்றி எழுதியோர் பலரால் போதிய அளவு கூறப்படவில்லை. அவர்கள் எழுத்தில் இது பெரும்பாலும் ஒரு வழக்கறிஞரின் வெற்றிக் கதையாகவே மாறிவிட்டது.

குற்றச்சாட்டும் தண்டனையும்

மக்களைக் கலவரத்திற்குத் தூண்டியவர்களுள் ஒருவர் என விஜயராகவாச்சாரியார் மீது குற்றம் சாட்டப்பட்டது. நகராட்சி மன்ற உறுப்பினரும், நீதிமன்றத்தில் நாள்தோறும் நின்றவருமான ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது ஊரில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. விசாரணையின் முடிவில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். சென்னையின் புகழ்பெற்ற பாரிஸ்டரான எர்ட்லி நார்ட்டன் அவருக்குத் துணைநின்றார். (இந்த நார்ட்டனே பின்னாளில், 1908-இல் தொடங்கிய அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடியவர்.) உயர்நீதிமன்றம் விஜயராகவாச்சாரியாரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. விடுதலை பெற்ற பின்னர், கலவர வழக்குகளில் சிக்கிய மற்றவர்களுக்காகவும் அவர் வாதாடினார்.

சென்னையில் 1878 முதல் வெளிவந்த 'தி இந்து' இதழ் அப்போது வார இதழாக இருந்து, 1883-இல் வாரம் மும்முறை வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், சேலம் நிகழ்வுகளை முன்வைத்து ஆளுநர் கிராண்ட் டஃபின் அரசைக் கடுமையாகச் சாடினார். இதனால் ஒரு மாவட்டத் தலைநகரின் வழக்கு மாகாணம் முழுதும் பேசப்படும் வழக்காயிற்று. 1883 இல்பர்ட்டு மசோதாக் கிளர்ச்சியின் ஆண்டு என்பதும் இங்கு நோக்கத்தக்கது. இந்திய நீதிபதி ஐரோப்பியரை விசாரிக்கலாமா என்று நாடெங்கும் வாதம் நடந்த வேளையில், ஆங்கில அதிகாரிகளின் நடுநிலையைப் பற்றிய ஐயத்தைச் சேலம் வழக்கு எழுப்பியது.

உறுப்பினர் பதவிக்கான வழக்கு

உயர்நீதிமன்ற விடுதலையோடு நின்றிருந்தால், விஜயராகவாச்சாரியாரின் பெயர் அன்றைய செய்தித்தாள்களோடு மறைந்திருக்கக்கூடும். ஆனால் இன்னொன்று எஞ்சியிருந்தது. மாகாண அரசு அவரை நகராட்சி மன்றத்திலிருந்து நீக்கியிருந்தது. சம்பளம் இல்லாத, மாவட்டத்திற்கு வெளியே எவரும் அறியாத ஒரு பதவி அது. பத்தாண்டுச் சிறையிலிருந்து தப்பிய ஒருவர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. இந்தியாவுக்கான அரசுச் செயலரைப் பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார்.

1871-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினரை நீக்கும் அதிகாரத்தை ஆளுநருக்கு அளித்திருந்தது உண்மை. ஆனால் தவறான நடத்தை, கடமை தவறுதல் போன்ற காரணங்களுக்காகவே அவ்வாறு நீக்கலாம். அக்காரணம் இன்னதென்று சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்காமலும், அவருடைய விளக்கத்தைக் கேளாமலும் நீக்க முடியுமா என்பதே கேள்வி. அரசின் விருப்பம் உள்ளவரை பதவி வகிக்கும் பணியாளர் போன்றவரா நகராட்சி உறுப்பினர், அல்லது சட்டம் தந்த உரிமையால் அமர்ந்திருப்பவரா என்பது இதனுள் அடங்கிய பெரிய கேள்வி. சென்னை உயர்நீதிமன்றத்தின் 1884-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் 'விஜயராகவா எதிர் இந்தியாவுக்கான அரசுச் செயலர்' என்ற பெயரில் இவ்வழக்கு இடம்பெற்றுள்ளது. விசாரணையின்றி நீக்கியது முறையன்று என்ற அவருடைய நிலை வென்றது.

அவருடைய தகுதிநீக்கத்தை அகற்றக் கோரும் முறையீடு நார்ட்டன் வழியாக ரிப்பன் பிரபு வரை சென்றது. இறுதியில் தடை விலக்கப்பட்டு, விஜயராகவாச்சாரியார் மீண்டும் சேலம் நகராட்சி மன்றத்தில் அமர்ந்தார். அவருக்குக் கிடைத்த இழப்பீடு 100 ரூபாய். தொகை சிறிதே, ஆனால் அதைத் தர வேண்டியிருந்தது அரசு. உள்ளூர் உறுப்பினர் ஒருவரை நீக்குவதற்கு முன் அவரைக் கேட்டாக வேண்டும் என்பது இன்று பஞ்சாயத்துத் தலைவர்கள் தொடரும் வழக்குகளில் சாதாரணமாக எடுத்தாளப்படும் கொள்கை. 1880-களில் அது நீதிமன்றத்தில் போராடிப் பெற வேண்டிய ஒன்றாக இருந்தது.

அதே 1884-இல் சென்னை மாகாணத்தில் புதிய மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் வரை தேர்ந்தெடுக்கப்படவும், தலைவரையும் மன்றமே தேர்ந்தெடுக்கவும் அச்சட்டம் வழி செய்தது. சென்னை மகாஜன சபை தோன்றியதும் அவ்வாண்டு மே மாதத்தில்தான்.

காங்கிரசில்

சேலம் வழக்கினால் மாகாணம் முழுதும் அறியப்பட்ட விஜயராகவாச்சாரியார், காங்கிரசின் நிறுவனர்களுள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு நெருங்கிய நண்பரானார். காங்கிரசின் தொடக்க ஆண்டுகளிலேயே அதில் ஈடுபட்டார். 1887-இல் சென்னையில் நடந்த மூன்றாம் மாநாட்டில் காங்கிரசுக்கு விதிமுறைகள் வகுக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டபோது, அவ்வரைவில் இவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. அம்மாநாட்டின் தலைவர் பதுருதீன் தியாப்ஜி. காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய முதல் இசுலாமியர். ஐந்தாண்டுகளுக்கு முன் பள்ளிவாசல் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு விடுதலையான ஒருவர் அவருடைய தலைமையில் அமைப்பு விதிகளைப் பற்றி ஆலோசித்தது அக்கால அரசியலின் தன்மையைக் காட்டுகிறது.

1892-ஆம் ஆண்டு இந்தியச் சட்டமன்றங்கள் சட்டம், நகராட்சிகளும் மாவட்டக் குழுக்களும் மாகாணச் சட்டமன்றத்திற்கு உறுப்பினர்களைப் பரிந்துரைக்க வழிவகுத்தது. இதன் பயனாக நகராட்சி உறுப்பினர் ஒருவரின் செல்வாக்கு முதன்முறையாகச் சென்னை வரை நீளக்கூடியதாயிற்று. விஜயராகவாச்சாரியார் 1895-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி ஆறாண்டுகள் பணியாற்றினார். 1899-இல் காங்கிரசின் பரப்புரைக் குழுவில் இடம்பெற்றார். 1913 முதல் 1916 வரை தில்லியிலிருந்த பேரரசுச் சட்டமன்றத்தின் உறுப்பினராகவும் இருந்தார். காங்கிரசின் மிதவாதப் போக்கில் இவருக்கு மனநிறைவு இல்லை. 1907-இல் சூரத்தில் ஏற்பட்ட பிளவின்போது இவருடைய அனுதாபம் மிதவாதிகளின் எதிரணியின் பக்கமே இருந்தது.

நாக்பூர் மாநாடு, 1920

1920 டிசம்பரில் நாக்பூரில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்கு 14,000-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்திருந்தனர். அதற்கு முன் எந்த மாநாடும் இத்துணைப் பெரிதாக இருந்ததில்லை. 68 வயதான விஜயராகவாச்சாரியார் தலைமை வகித்தார். காந்தியின் ஒத்துழையாமைத் திட்டம் இங்கு உறுதி செய்யப்பட்டது. எதிர்ப்பதற்காக வந்திருந்த சித்தரஞ்சன் தாசே இறுதியில் அத்தீர்மானத்தை முன்மொழிந்தார். முகம்மது அலி ஜின்னா மறுப்புத் தெரிவித்து, காங்கிரசிலிருந்து விலகும் வழியில் சென்றார்.

அதே மாநாடு காங்கிரசுக்குப் புதிய அமைப்பு விதிகளையும் ஏற்றது. உறுப்பினர் கட்டணம் நான்கணா ஆயிற்று, செயற்குழு உருவாயிற்று, மாகாணக் குழுக்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டன. தமிழ்நாட்டிற்கெனத் தனி மாகாணக் காங்கிரசு அமைந்தது இதன் விளைவாகும். 1887-இல் விதிகள் வகுக்க முயன்றவர், 33 ஆண்டுகளுக்குப் பின் அவ்வியக்கம் முற்றிலும் வேறொரு வடிவம் பெற்றபோது தலைமை இருக்கையில் இருந்தார்.

ஆயினும் ஒத்துழையாமைத் திட்டத்தின் எல்லாக் கூறுகளிலும் தலைவருக்கு உடன்பாடு இல்லை. பள்ளிகளையும் நீதிமன்றங்களையும் புறக்கணிப்பதில் அவருக்கு ஐயம் இருந்தது. இதில் வியப்பில்லை. அவருடைய விடுதலையும், பதவியும், புகழும் நீதிமன்றத்தின் வழியாக வந்தவை. ஆங்கிலேயரின் சட்டத்தைக் கொண்டே ஆங்கிலேய அதிகாரியை வெல்லலாம் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். அதே சேலத்தில் 1900 முதல் வழக்கறிஞராக இருந்த சி. ராஜகோபாலாச்சாரி, காந்தியின் அழைப்பை ஏற்றுத் தொழிலையே துறந்தார். ஒரே ஊரின் இரு வழக்கறிஞர்கள், ஒரு தலைமுறை இடைவெளியில், நீதிமன்றத்தைப் பற்றி இரு வேறு முடிவுகளுக்கு வந்தனர்.

பிற்கால அரசியல்

நாக்பூருக்குப் பின் காங்கிரசின் தலைமை காந்தியிடமும் அவருடைய தோழர்களிடமும் சென்றது. விஜயராகவாச்சாரியார் முன்னணியிலிருந்து விலகிய மூத்தவராயினார். சைமன் குழுவை எதிர்த்தார். இந்தியாவின் சிக்கலில் உலக நாடுகளின் சங்கம் தலையிட்டுத் தீர்ப்பளிக்க வேண்டும் என்று கோரினார். 1931-இல் அகோலாவில் நடந்த இந்து மகாசபை மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய சேலம் கலவர வழக்கையும் இத்தலைமையையும் இணைத்து நோக்குவோர் உண்டு. இடையில் அவர் ஆற்றிய காங்கிரசுப் பணி நீண்டது என்பதையும் உடன் கருத வேண்டும்.

சமூகக் கருத்துகளில் அவர் தம் காலத்து வைதிகரிலிருந்து வேறுபட்டார். பெண்களுக்குப் பருவமடைந்த பின்னரே திருமணம் செய்ய வேண்டும் என்றும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்றும் வாதிட்டார். இரண்டாவது கோரிக்கை தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே மூதாதையர் சொத்துக்கும் விரிவாகி நிறைவேறியது. தீண்டாமை ஒழிப்பையும் ஆதரித்தார்.

கொங்கு நாட்டு நகராட்சிகள்

விஜயராகவாச்சாரியார் தம் இருக்கைக்காக வழக்காடிய சேலம் நகராட்சியில், 1911-இல் ராஜகோபாலாச்சாரி உறுப்பினரானார். 1917 முதல் 1919 வரை அதன் தலைவராகவும் இருந்தார். அப்போது தலைவர் இருக்கையில் கலெக்டர் இல்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஈரோட்டு நகராட்சியின் தலைவராக ஈ. வெ. இராமசாமி இருந்து, 1919-இல் பதவி விலகிக் காங்கிரசில் சேர்ந்தார். சட்டம் பயின்ற ஆர். கே. சண்முகம் செட்டியார் 1917-இல் கோயம்புத்தூர் நகராட்சி உறுப்பினராகி, துணைத்தலைவராகவும் பணியாற்றினார். 1947-இல் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். பின்னாளில் மூன்று வேறு திசைகளில் சென்ற இம்மூவரும் பொதுவாழ்வின் தொடக்கத்தில் குழாய்நீருக்கும் சாக்கடைக்கும் கணக்குப் பார்த்தவர்களே. கலெக்டரின் அவையாக இருந்த நகராட்சி, அரசியல் பயிலும் களமாக மாறியதில் 1884-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பங்கு பெரிது. அச்சட்டம் வருவதற்கு முன்பே ஓர் உறுப்பினர் தம் இருக்கையை அரசின் கொடையாகக் கருத மறுத்தது சேலத்தில் நிகழ்ந்தது.

மறைவும் நினைவும்

விஜயராகவாச்சாரியார் ஏப்ரல் 19, 1944 அன்று தம் 91-ஆம் வயதில் காலமானார். அவர் நினைவாகச் சேலத்தில் விஜயராகவாச்சாரியார் நினைவு நூலகமும் சொற்பொழிவு மண்டபமும் அமைக்கப்பட்டன. அவர் உறுப்பினராக இருந்த சேலம் நகராட்சி 1994-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.